ஏட்டில் லாபம், பெட்டியில் சூன்யம்!

திருப்பூரில் பத்துத் தையல் மிஷின்களை வைத்துக்கொண்டு கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கப் பெட்டியைத் திறந்தால் பணம் இராது. தைத்துக் கொடுத்த பனியனுக்கு மூன்று மாதமாகப் பாக்கி!

2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. இவற்றில் எதையும் அவர் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. மழை எப்போது வரும் என்று ஜோசியம் பார்ப்பதைவிடக் கூரையை வேய்ந்துகொள்வதே விவேகம்.

இரண்டு மாதக் கூலியைத் தனியே ஒதுக்கி வைப்பது, ஒரே வியாபாரியை நம்பியிராதது, குறுகிய காலக் கடனில் மிஷின் வாங்காதது ஆகியவை அவர் கையில் உள்ளவை. பாக்கி வசூலோ அவர் கையில் மட்டும் இல்லை.

பதிவு செய்துகொண்ட சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் வருஷத்துச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆயினும் அவர் புகார் செய்ய அஞ்சுகிறார். அடுத்த ஆர்டர் கைநழுவிப் போய்விடுமே!

ஆகவே, தொழிற் சங்கங்கள் முன்வர வேண்டும். 45 நாள் கெடுவை எல்லா உறுப்பினர்களும் தங்கள் பில்லில் ஒரே மாதிரி அச்சிடட்டும். எந்தக் கடையிலும் அதே நிபந்தனை என்றால், வாங்குகிறவர் யாரை விட்டு யாரிடம் போவார்?