கப்பலேறிய உபதேசம்

திருடனைத் திருத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். திருத்துகிறவன் கை சுத்தமா என்று மட்டும் கேட்க மாட்டோம்.

1787-ல் இங்கிலாந்து தன் கைதிகளை முதன்முதலாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. பெரும்பாலும் சில்லறைத் திருட்டுக்காரர்கள். அவர்களை நல்வழிப்படுத்த ரிச்சர்டு ஜான்சன் என்ற பாதிரியாரையும், பெட்டி பெட்டியாகப் பைபிளையும் கூடவே அனுப்பினார்கள். கைதிகளில் பலருக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது.

1790-ல் இரண்டாவது கப்பல் அணி போனது. ஏறியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். கால்வாசிப் பேர் கடலிலேயே செத்தார்கள். புயலால் அல்ல, பட்டினியாலும் நோயாலும். எத்தனை தலையை ஏற்றினோம் என்ற கணக்குக்குத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். உயிரோடு எத்தனை பேரை இறக்கினோம் என்பதற்கு இல்லை. கைதிகளைத் தூக்கிக்கொண்டுதான் கரையிறக்க வேண்டியிருந்தது. கப்பல் தலைவர்களோ சிட்னியில் சரக்குக் கடை விரித்தார்கள். பைபிள் யாருக்குத் தேவைப்பட்டது, சொல்லுங்கள்!

மாற்றத்துக்கு வழி சொன்னவரும் ஒரு கைதிதான். கடற்படைக் கலகத்தில் சிக்கி நாடு கடத்தப்பட்டு, பிறகு மன்னிப்புப் பெற்ற மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். கைதிக் கப்பல்களில் இருந்த அழுக்கு, அடைசல், சாவு எல்லாவற்றையும் 1814-ல் அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு முதல் அரசே நியமித்த கடற்படை மருத்துவர்கள் கைதிகளுக்குப் பொறுப்பேற்றார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும். வயிறு அடங்கிய பிறகுதான் உபதேசம் காதில் ஏறும். அரசு நியமித்த அந்த மருத்துவர்களில் ஒருவரான காலின் பிரவுனிங் தன் கப்பலையே பள்ளிக்கூடமாக்கினார். கரையேறுவதற்குள் ஒவ்வொரு கைதியும் பைபிளைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பக்தி நின்றதோ இல்லையோ, கற்ற எழுத்து கூடவே போயிருக்கும்.

இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரையும் அவருடைய தோழிகளும் பெண் கைதிகளுக்குப் பைபிளோடு ஊசி, நூல், துண்டுத்துணி எல்லாம் கொடுத்து அனுப்பினார்கள். 1841-ல் 'ராஜா' என்ற கப்பலில் போன பெண்கள் அந்தத் துணிகளைக் கோத்துப் பெரிய போர்வையே தைத்துவிட்டார்கள். 2,815 துண்டுகள், நடுவில் பறவைகளும் பூக்களும், கீழோரத்தில் துணி கொடுத்த பெண்களுக்கு நன்றி. இன்று அது கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சிறைக்கு நீதி சொல்லப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் அங்கே சாப்பாட்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறகு கைதிக்கு எழுத்தும் தொழிலும் கொடுங்கள். பிரசங்கம் கடைசியில் இருக்கட்டும்.