ஆறாயிரம் வெள்ளிக்கு இப்பால்

பொருள்வயிற் பிரிவு என்று தொல்காப்பியம் தொட்டு நமக்கொரு சொல் உண்டு. பிரிவின் திணை பாலை. சிங்கப்பூரில் அந்தப் பாலைக்குத் தொகையே குறித்திருக்கிறார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் பெற்றவருள் மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாதவரே மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். 2018 ஜனவரிக்கு முன் அது 5,000. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் 'ஒர்க் பெர்மிட்'டில் உழைப்பவருக்கோ இந்தக் கணக்கே கிடையாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடும்பம் ஊரில்தான். அந்நாட்டுக் குடிமகளை மணக்கவும் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும், பெர்மிட் முடிந்த பிறகும்கூட.

சிறிய நாடு, வீட்டுக்கும் பள்ளிக்கும் கணக்குப் பார்த்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேர்ந்து வாழ்தலைப் பயணப்படி, வீட்டுப்படி போலச் சம்பளத்தோடு வரும் இன்னொரு படியாக்கியதை ஏற்க மனம் ஒப்பவில்லை. சங்கத் தலைவன் கார்காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லிப் போவான். இவருக்கோ பெர்மிட் புதுப்பிக்கப்பட்டால் அதுவே நற்செய்தி. வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றான அந்த ஊரில் அறிவிப்புப் பலகையைத் தன் மொழியிலேயே வாசிக்கும் அவர், மகள் எழுத்துக்கூட்டத் தொடங்கியதைத் தொலைபேசியில்தான் கேட்கிறார்.