மாமன் ரத்தம் என்றால் சுத்தமா?

“தெரிந்தவர் ரத்தமாக இருந்தால் பயமில்லை.” ரத்த வங்கி வாசலில் காத்திருக்கும் பெற்றோர்கள் இப்படிச் சொல்வதைப் பலரும் கேட்டிருக்கலாம். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முதல் போன் சித்தப்பாவுக்கு, அடுத்தது மாமாவுக்கு. முகம் தெரியாத ஒருவரின் ரத்தம் பிள்ளையின் உடம்பில் ஏறுவதை நினைத்தால் பெற்ற வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கலக்கத்தில் பிறந்த நம்பிக்கை தவறானது. தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கோ அது ஆபத்தானது.

அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால் ஆண்டுக்கு 17 முறை. பத்து வயதுக்குள் அந்தக் குழந்தை ஏறக்குறைய 150 பேரின் ரத்தத்தை வாங்கிவிடுகிறது. ஒரு பையில் இருக்கும் சின்ன ஆபத்து 150 பைகளில் சின்னதாக இருக்காது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை. 2011இல் குஜராத்தின் ஜுனாகட்டில் ரத்தம் ஏற்றிவந்த 23 தலசீமியா குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. 2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவில் மறுபடியும் ஐந்து குழந்தைகள்.

சொந்தக்காரர் கொடுத்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்பார்கள். நம் சாத்தூரை மறந்துவிட்டோமா? 2018 டிசம்பரில் அங்கே ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் காசுக்குக் கொடுத்தவர் அல்ல. தன் உறவுக்காரப் பெண்ணின் பிரசவத்துக்காகச் சிவகாசியில் கொடுத்தார். அங்கே பயன்படாத அந்தப் பை சாத்தூருக்குப் போனது. தனக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோது தெரிந்ததும், தானே ஓடிவந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. ரத்த வங்கி கோட்டைவிட்டது மன்னிக்க முடியாத குற்றம். அதை மூடி மறைக்க நான் வரவில்லை. ஆனால் உறவுக்காரர் என்பதால் அந்தப் பை சுத்தமாகிவிடவில்லை.

ரத்தம் கொடுக்கும் முன் நிரப்பும் படிவத்தில் அந்தரங்கமான கேள்விகள் உண்டு. சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, ஊசி வழியாகப் போதை எடுத்தீர்களா, யாருடன் உறவு வைத்திருந்தீர்கள் என்றெல்லாம் கேட்கும். வெளியே அக்கா அழுதுகொண்டு நிற்கிறாள், பக்கத்தில் மாமியார். “நான் கொடுக்க முடியாது” என்று ஒரு தம்பி எப்படிச் சொல்வான்? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிட்டுக் கையை நீட்டுவான். ரத்ததான முகாமுக்குத் தானாக வருபவருக்கு இந்த நெருக்கடி இல்லை. சந்தேகம் இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடலாம்.

“அதுதான் டெஸ்ட் செய்கிறார்களே!” செய்கிறார்கள். ஆனால் கிருமி உடம்பில் நுழைந்த பின் சில காலம் பரிசோதனையில் சிக்காது. எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனைக்கு எச்.ஐ.வி. பல நாட்கள் தப்பும், ஹெபடைடிஸ் சி பல வாரங்கள் தப்பும். கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ பரிசோதனை அந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கும், ஆனால் முழுவதுமாக மூடாது; நம் நாட்டில் அது எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் கொடையாளரை ஒவ்வொரு வருகையிலும் சோதிக்கிறார்கள். அவருக்குப் புதிதாகத் தொற்று வந்தால் சீக்கிரம் பிடிபடும். திடீரென்று அழைத்துவரப்பட்ட மாமாவுக்கு அதுதான் முதல் பரிசோதனையாக இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. பெற்றோர், உடன்பிறந்தோரின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் குழந்தையின் உடம்பையே தாக்கும் ஓர் அரிய நோய் உண்டு. வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். கதிர்வீச்சு செலுத்தாமல் அந்த ரத்தத்தை ஏற்றக் கூடாது. நாளை குடும்பத்தில் ஒருவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றும் வாய்ப்பு வந்தால், முன்பு ஏற்றிய சொந்தக்காரர் ரத்தமே அதற்குத் தடையாகவும் ஆகலாம்.

நோயாளிக்குத் தரும் ரத்தத்துக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொல்லும் வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 2002இன் தேசிய ரத்தக் கொள்கையே சொல்கிறது. இன்றும் மாதாமாதம் ஆள் தேடி அலையும் அப்பாக்கள் இருக்கிறார்கள். கடைசியில் அகப்படுபவன் ‘சித்தப்பா’ என்று கையெழுத்துப் போடும் கூலி ஆள். காசுக்கு ரத்தம் கொடுப்பதோ 1998 ஜனவரி முதல் நாட்டில் தடை.

மாமாவின் பாசத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் மருமகளின் பெயரைச் சொல்லாமல் ஒரு முகாமுக்குப் போகட்டும், படிவத்தில் உண்மையை எழுதட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் வரட்டும். முகாம் நடக்கும் கல்லூரிகள் மூடிக்கிடக்கும் மே மாதத்திலும் வரட்டும். பைகளுக்குப் பஞ்சம் வருவது அப்போதுதான்.