பழைய நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள்

கேபிள்காரத் தம்பி மூன்று மாதமாக விடவில்லை. "டி.வி., இன்டர்நெட், போன் மூணும் ஒரே வயர்ல வந்துடும் சார். லேண்ட்லைனுக்குத் தனியா எதுக்குத் தண்டம் கட்டறீங்க?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. போன வருஷம் தீபாவளி முடிந்ததும் பழைய லைனை சரண்டர் செய்தேன்.

1987-ல் பதிவு செய்து, 1993-ல் வந்த போன் அது. வந்த புதிதில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் எங்கள் நம்பர் போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் குறையும் என்று காத்திருந்து பேசிய காலம். பிறகு முன்னால் ஓர் இரண்டு சேர்ந்து எட்டு இலக்கமானதே தவிர, நம்பர் மாறவில்லை.

அந்த நம்பரையே புது கனெக்‌ஷனுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதை நம்பினேன். அது தப்பு. மொபைலுக்கு 2011 முதல் நாடு முழுக்க அந்த வசதி உண்டு. வீட்டுப் போனுக்குக் கிடையாது. கம்பெனி மாறினால் நம்பரும் போய்விடும். ஒரே கம்பெனிக்குள் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பெரும்பாலும் பழைய நம்பரே தொடரும். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மன்னார்குடியில் என் அக்காவுக்கு வயது எண்பத்துநான்கு. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் எங்கள் வீட்டு நம்பர். புது நம்பரைச் சொன்னேன், காலண்டர் தாளில் குறித்துக்கொண்டாள். ஜனவரி பிறந்தது, காலண்டர் பழைய பேப்பரோடு போய்விட்டது. அந்த மாதமே ஒரு ராத்திரி அத்திம்பேர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அக்கா பழைய நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றே பதில். எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. 108-ஐக் கூப்பிடவோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவோ அந்த நேரத்தில் தோன்றவில்லை. இடுப்பெலும்பு முறிந்த மனுஷர் விடியும்வரை ஈரத்தரையில் கிடந்தார். காலையில் பால்காரர்தான் ஆள் கூப்பிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் வரும். அதனால்தான் வீட்டில் கரன்ட் போனாலும் போன் பேசியது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடித்த அன்று தெருவே இருட்டாகக் கிடந்தபோதும் எங்கள் கறுப்புப் போனில் டயல்டோன் கேட்டது. (கார்ட்லெஸ் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரருக்கு அந்த பாக்கியம் இல்லை.) ஃபைபரில் வருவது வெளிச்சம்தான், மின்சாரம் இல்லை. வீட்டிலிருக்கும் பெட்டிக்குக் கரன்ட் இல்லையென்றால் டி.வி., இன்டர்நெட், போன் மூன்றும் ஒரே நொடியில் அவுட். அந்தப் பெட்டிக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். நான் வாங்கிவிட்டேன், கரன்ட் போனால் சில மணி நேரம் தாங்குகிறது.

மாறவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பழைய லைன் ஒவ்வொரு மழைக்கும் கொரகொரவென்று இரைந்தது. புதிதில் பேச்சு தெளிவு, பேரன் படிப்புக்கு இன்டர்நெட்டும் ஆயிற்று. ஆனால் இரண்டையும் ஆறு மாதமாவது சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை தண்டம்தான், கட்டுங்கள். அந்த ஆறு மாதத்தில் பழைய நம்பரில் யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களில் வயதானவர்களுக்கு வாயால் சொன்னால் போதாது, வீட்டுக்கே போய் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள். பாங்க், காஸ், பென்ஷன் ஆபீஸ் எல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அத்திம்பேர் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மன்னார்குடி போய் அக்காவின் போனுக்கு மேலே சுவரில் பெயின்ட்டால் புது நம்பரைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். போன வாரம் பேசியபோது, முதலில் பழைய நம்பரைத்தான் போட்டாளாம்.