ஓட்டத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், கோடைகாலத்தைக் கேளுங்க



வருசக் கடைசி பள்ளி விடுமுறைக்கு ஃபின்லாந்து, நார்வேன்னு கிளம்புறவங்க நம்ம கோயில் வட்டத்துலயே கூடிட்டாங்க. ரொவானியெமியில ஹஸ்கி நாய்கள் இழுக்கிற ஸ்லெட் வண்டியில குடும்பமா உட்கார்ந்து ஒரு படம் போட்டா போதும், கீழே ரெண்டு கட்சி பிரிஞ்சிடுது. ஒரு கட்சிக்கு அழகு. இன்னொரு கட்சிக்கு "வாயில்லா ஜீவனை இப்படி வதைக்கலாமா?" எங்க தொண்டர் குழுவுலயும் இதே வாக்குவாதம்தான். பேசிப் பேசி நாங்க வந்து சேர்ந்த கருத்தை இங்கே வைக்கிறோம்.

ஓடுவது அந்த நாய்க்கு வதை இல்லை. தலைமுறை தலைமுறையா இழுக்கிறதுக்குன்னே வளர்ந்த இனம். கிளம்புறதுக்கு முன்னால குரைச்சு, துள்ளி, வாரை இழுத்து ரகளை பண்ணும். அதனாலதான் வண்டியைப் பனியில கொக்கி போட்டு நிறுத்தி வைக்கிறாங்க. கொக்கியை எடுத்ததும் சத்தமெல்லாம் அடங்கிடும், ஓட்டம் மட்டும்தான். கடிவாளம் கிடையாது. அலாஸ்கா பக்கம் 'ஜீ'ன்னா வலது, 'ஹா'ன்னா இடது. முன்னால ஓடுற நாய் குரலைக் கேட்டுத் திரும்பும்.

1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் டிப்தீரியா பரவினப்போ, மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த நாய்கள்தான். சுமார் 1,085 கிலோமீட்டர் தூரம், 20 ஓட்டுநர்கள் மாறி மாறி, ஆறு நாளுக்குள்ள. கடைசிக் கட்டத்தை ஓடின பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை எழும்பிடுச்சு. எல்லாரையும் விட நீளமான, ஆபத்தான தூரத்தை ஓடின டோகோ பேரு பலருக்குத் தெரியாது. (மேடையில நிக்கிறவருக்கு மாலை, அடுப்படியில நிக்கிறவருக்கு வேர்வை. சரி, அது வேற கதை.)

எங்க கவலை பனி உருகின பிறகு என்ன ஆகுதுங்கிறதுதான். சவாரி சில மாசம். நாய் வருசம் முழுக்கச் சாப்பிடணுமே?

கனடாவின் விஸ்லர் 2010 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். கூட்டம் கலைஞ்சு முன்பதிவு குறைஞ்சதும், அங்கே சவாரிக்கு வெச்சிருந்த நாய்களைக் கூட்டமா கொன்னுட்டாங்க. 2011-ல் விசயம் வெளிய வந்தப்போ 100 நாய்ன்னு செய்தி. விசாரணையில தோண்டி எடுத்தது 56 உடல். அதுக்கப்புறம்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவுல ஸ்லெட் நாய்களுக்குன்னு தனிப் பராமரிப்பு விதி வந்துச்சு. கொன்னது சவாரி போன பயணி இல்லைதான். ஆனா கூட்டம் வந்தா குட்டி போட வைக்கிறது, கூட்டம் போனா கழிச்சுக் கட்டுறதுங்கிற கணக்கு யார் காசுல ஓடுது?

அதனால போகாதீங்கன்னு சொல்லலை. பணம் கட்டுறதுக்கு முன்னால கேளுங்க. நாள் முழுக்கச் சங்கிலியில கட்டி வைக்கிறாங்களா, அவிழ்த்து விடுறாங்களா? ஒரு நாளைக்கு ஒரு நாய் எத்தனை சவாரி? கோடையில எங்கே இருக்கும்? முக்கியமா, வயசாகி இழுக்க முடியாத நாய் எங்கே போகுது? நல்ல பண்ணைக்காரர் கிழட்டு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டுவார். மழுப்பினா வேற இடம் பாருங்க. "பேக்கேஜ்ல அதுவும் சேர்த்தியாச்சே, நாம என்ன பண்றது"ன்னு சில அண்ணன்மார் சொல்றாங்க. ஹோட்டல்ல சைவச் சாப்பாடு உண்டான்னு ஏஜென்ட்டை எத்தனை தடவை துளைக்கிறோம்? அதுல ஒரு தடவை நாய்க்கும் கேட்கலாம். ஒழுங்கா வெச்சிருக்கிற பண்ணை விலை கூடத்தான் இருக்கும், அதை மறைக்கலை.

இன்னொண்ணு. திரும்பி வந்ததும் பிள்ளைங்க "எனக்கும் ஹஸ்கி வேணும்"னு அடம்பிடிக்கும். தயவு செஞ்சு வேண்டாம். உறைபனிக்குன்னு ரெண்டு அடுக்கு ரோமம் வெச்சிருக்கிற பிராணி அது. இங்கே 32 டிகிரி வெயில்ல ஏர்கோன் அறைக்குள்ள அடைச்சு வைக்கிறதுக்குப் பேரு பாசமா? சிங்கப்பூர் வீவக வீடுகள்ல அந்த இனத்துக்கு அனுமதியே இல்லை. இங்கே வாயில்லா ஜீவன்னு பேசுற அதே ஆளுங்க இதைப் பார்த்து லைக் போடுறதுதான் எங்களுக்குப் புரியலை.

இந்த வருசம் போறவங்க, கிழட்டு நாயைப் பத்திக் கேட்டப்போ என்ன பதில் வந்துச்சுன்னு கீழே எழுதுங்க. அடுத்து போறவங்களுக்கு உதவும்.