அட்டாவில் ஒரு புதிய நாற்காலி

'அட்டா' என்பதை அரட்டை என்று மொழிபெயர்த்தால் எந்த வங்காளியும் ஒப்புக்கொள்ள மாட்டார். கொல்கத்தா காலேஜ் தெருவின் காபி ஹவுஸில் ஒரு கோப்பை 'இன்ஃப்யூஷனை' வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வாதிடுவது கிட்டத்தட்ட ஒரு குடியுரிமை. சத்யஜித் ரேயின் கடைசிப் படமான 'ஆகந்துக்'கில் (1991) அட்டா வங்காளிக்கே உரியதா என்பதைப் பற்றியே ஒரு அட்டா நடக்கும்!

அந்தப் பேச்சில் பாதி இப்போது வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. 2024-ல் அங்கே மெட்டா ஏஐயும் வந்தது. குழுவில் கூப்பிட்டால் பதில் சொல்கிறது. அடுத்த கட்டம் பஞ்சாயத்து. அதற்கும் ஆள் தயார்.

18-ஆம் நூற்றாண்டு லண்டன் காபி ஹவுஸ்களில் பொதுக்கருத்து உருவான விதத்தை 1962-ல் எழுதியவர் ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸ். கூகுள் டீப்மைண்ட் தன் கருவிக்கு அவர் பெயரையே வைத்தது. பிரிட்டனில் 5,700-க்கும் மேற்பட்டவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சோதித்து, 2024 அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுத, இயந்திரம் ஒரு பொது அறிக்கை தயாரிக்கும். குறை சொன்னால் திருத்தும். மனித நடுவர் எழுதியதைவிட இதுவே மேல் என்று 56 சதவீதத் தடவை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. துர்கா பூஜைக்கு வீட்டுக்கு எவ்வளவு சந்தா என்று முடிவு செய்ய இது வரப்பிரசாதம். ஆனால் அட்டாவுக்கு முடிவே தேவையில்லையே!

என்றாலும் அட்டாவைப் புனிதமாக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஆண்களின் உலகம் என்பதை வரலாற்றாசிரியர் திபேஷ் சக்ரவர்த்தியே எழுதியிருக்கிறார். உரத்த குரலுக்கு மேஜை, மற்றவர்களுக்கு வேடிக்கை. இயந்திரத்தின் உண்மையான பயன் இங்கேதான். மூன்று நாளாக வாய் திறக்காத லேக் மார்க்கெட் மாமியிடம் தனியாக, தமிழிலேயே கருத்துக் கேட்டு, அதை வங்காளியில் சபையில் வைக்கலாம். இருநூறு செய்திகளைப் படிக்காமல் விட்டவருக்குச் சாரம் சொல்லலாம்.

விபரீதமும் உண்டு. சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெடிட்டின் ஒரு விவாதக் களத்தில் இயந்திரங்களை மனிதர் வேடத்தில் நுழைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளைப் போட வைத்தது 2025 ஏப்ரலில் அம்பலமானது. பாலியல் வன்முறைக்கு ஆளானவராகக்கூட ஒன்று நடித்தது. உறுப்பினர்கள் கொதித்தது நியாயமே.

காபி ஹவுஸ் பரிசாரகர் தலைப்பாகையோடு வருகிறார். யார் பரிசாரகர், யார் வாதிடுபவர் என்று யாருக்கும் குழப்பமில்லை. குழுவில் இயந்திரத்தைச் சேர்க்கும் நிர்வாகி அந்தத் தலைப்பாகையை முதலில் மாட்டிவிடட்டும். பிறகு, அது எழுதும் சாரத்துக்கு அடியில், ஒத்துக்கொள்ளாத அந்த இரண்டு பேரின் வார்த்தைகளை வெட்டாமல் அப்படியே போடச் சொல்லட்டும்.