புதிய கிராபிக்ஸ் கார்டும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸும்

ஆசிரியருக்கு,

கணினிப் பழுது பார்ப்பது என் தொழில். ‘புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் அடிக்கடி ஆஃப் ஆகிறது, கார்டு டூப்ளிகேட்டா?’ என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். பல நேரங்களில் கார்டு நன்றாகவே இருக்கும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்தான் ஈடுகொடுத்திருக்காது.

மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்குச் செல்லும் 8 பின் இணைப்பு ஒன்று 150 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கே 170 வாட் தேவை. அந்தக் கார்டு உள்ள முழுக் கணினிக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா நிறுவனமே பரிந்துரைக்கிறது. கேபினெட்டோடு வந்த மலிவான எஸ்எம்பிஎஸ், கேம் தொடங்கியதும் சுமை தாங்காமல் படுத்துவிடும்.

அறிகுறியைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கேம் ஓடும்போது திரை கறுத்து மெஷின் சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால், பவர் கேபிள் ‘கிளிக்’ என்று முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று முதலில் பாருங்கள். படம் உறைந்து கேம் மட்டும் மூடிக்கொண்டால் கார்டின் டிரைவர் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

கார்டு விற்கும் கடைக்காரர்கள் பில் போடுவதற்கு முன், ‘உங்களிடம் இருப்பது எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ்?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கார்டு வாங்கும் மாணவர்கள் ஏமாந்து நிற்கக் கூடாது. தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதை விரிவாக வெளியிட்டால் பலருக்கு வீண் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பவர் ஒருவர்